முதுகெலும்பிகளின் கிளைமரம் வரைவது எப்படி: மீன் மார்க்கெட்டில் தொடங்கும் முழு வழிகாட்டி

தாராவியில் மாலை நேரங்களில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, மார்க்கெட்டில் மராத்தி என்று வளரும் பிள்ளைகள். பரிணாமத்தை வரையச் சொன்னால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே படத்தைத்தான் போடுகிறார்கள். கீழே மீன், அதற்கு மேல் தவளை, அப்புறம் பல்லி, கோழி, குரங்கு, உச்சியில் மனிதன். அது ஓர் ஏணி.

அந்த ஏணியை வைத்துக்கொண்டு எத்தனை பெயரை மனப்பாடம் செய்தாலும், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் நின்றுவிடுவார்கள். ஏணியை மரமாக மாற்ற நான் போகும் வழி இது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

மார்க்கெட்டில்: ஒரு முழு ரோகு, இரண்டு பொம்பில் (பாம்பே டக் மீன்), நான்கைந்து தோல் உரிக்காத இறால். கோழிக்கடையில்: இறக்கை, நகத்தோடு கால், நெஞ்செலும்போடு மார்புப் பகுதி. ஒரு முட்டை. பெரிய சார்ட் தாள், பென்சில், ரப்பர், அளவுகோல், ஒரு முழம் நூல். பேனா வேண்டாம். முதல் நாளிலேயே பேனாவால் வரைந்த பிள்ளை, தப்பு தெரிந்த பிறகும் அதைத் திருத்த மனமில்லாமல் அதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கும்.

மீனை வாங்கும்போது கவனம். மீன் விற்கும் கோளிப் பெண்கள், அதாவது மாவ்ஷிமார், பழக்கத்தில் செதிலை உரசி, வயிற்றைக் கிழித்து, ஒரே நிமிடத்தில் சுத்தம் செய்துவிடுவார்கள். நமக்கு வேண்டியதே அந்த வயிற்றுக்குள் இருப்பதுதான். “மாவ்ஷி, சாஃப் கரூ நகா” (சுத்தம் செய்யாதீர்கள்) என்று தராசில் வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஜூன், ஜூலை மாதங்களில் இந்தக் கரையில் விசைப்படகு மீன்பிடிக்குத் தடை. கடல் மீன் வரத்து குறைவு, விலையும் ஏறும். ஆகஸ்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

சுறாவை வாங்க வேண்டாம். சில சுறா, திருக்கை இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எது எந்த இனம் என்று நமக்குச் சட்டென்று தெரியாது. மார்க்கெட்டில் மோரி என்று சின்னச் சுறா வைத்திருந்தால், கேட்டுக்கொண்டு தொட்டு மட்டும் பாருங்கள். தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழுக்கும். எதிர்ப்பக்கம் தடவினால் உப்புத்தாள் போல விரலைப் பிடிக்கும். அந்தச் செதில் ஒவ்வொன்றும் பல்லைப் போலவே கட்டப்பட்டது.

சைவ வீடு என்றால் படங்களை வைத்துக்கொள்ளலாம். கீழே பாதிச் சோதனைகள் நம் உடம்பிலேயே செய்யக்கூடியவைதான்.

2. கோடு போடும் முன் மூன்று விதிகள்

முதல் விதி: இன்று உயிரோடு இருக்கும் எதுவும் இன்று உயிரோடு இருக்கும் இன்னொன்றுக்கு மூதாதை இல்லை. உங்கள் சித்தப்பா பையன் உங்களுக்குத் தாத்தா ஆக முடியுமா? இருவருக்கும் தாத்தா ஒருவர். ரோகுவும் நாமும் அப்படித்தான். எல்லா விலங்குகளும் கிளையின் நுனியில்தான் உட்கார வேண்டும். மூதாதைக்கு இடம் கிளை பிரியும் கணு.

இரண்டாவது: கோட்டின் மேல் எழுத வேண்டியது விலங்கின் பெயரை இல்லை, புதிதாக வந்த உறுப்பை. “தாடை” என்று கோட்டில் எழுதினால், அதற்குப் பின்னால் பிரியும் எல்லாக் கிளைகளுக்கும் தாடை உண்டு என்று பொருள். பிறகு சில கிளைகள் அதை இழந்தும் இருக்கலாம். பாம்புக்குக் கால் இல்லை, ஆனாலும் அது நாற்காலிகளின், அதாவது நான்கு கால் முதுகெலும்பிகளின், கிளையில்தான் இருக்கிறது.

மூன்றாவது: கணுவில் கிளைகளைத் திருப்பிப் போட்டாலும் மரம் மாறாது. இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். துணி மாட்டும் ஹேங்கரில் இரண்டு நூல் கட்டி, ஒன்றில் “தவளை”, இன்னொன்றில் “மனிதன்” என்று சீட்டுத் தொங்கவிட்டு, ஹேங்கரைச் சுழற்றிக் காட்டுங்கள். இடது வலதாகும், ஆனால் யாருக்கு யார் உறவு என்பது அப்படியேதான் இருக்கும்.

3. இறாலையும் ரோகுவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

பாடப்புத்தகம் முதுகுநாணிகளின் அடையாளங்களைப் பட்டியலாகத் தருகிறது. முதுகுநாண் (முதுகு நெடுக ஓடும் வளையும் தண்டு), முதுகுப்பக்கம் உள்ளீடற்ற நரம்பு வடம், தொண்டைப் பிளவுகள், ஆசனவாய்க்குப் பின்னால் நீளும் வால், தைராய்டாக மாறும் எண்டோஸ்டைல் என்ற தொண்டைப் பள்ளம். இதை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் முதுகுநாண் இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டால், இந்தப் பட்டியலின் அர்த்தம் தானாகப் பிடிபடும்.

இறாலின் முதுகைக் கீறுங்கள். சமைக்கும்போது உருவிப் போடும் அந்தக் கறுப்பு நூல், குடல். அதன் நரம்பு வடம் எங்கே? வயிற்றுப்பக்கம், கால்கள் முளைக்கும் வரிசைக்கு மேலே, மெல்லிய வெளிர்நிற நூலாக ஓடும்.

இப்போது ரோகுவின் வால் பக்கத்தில் குறுக்காக ஒரு துண்டு வெட்டுங்கள். நடுவில் வட்டமாக முள்ளெலும்பு. அதற்கு மேலே சின்ன ஓட்டை, ஊசியால் குத்தி இழுத்தால் வெள்ளையாக ஒரு நூல் வரும். அதுதான் தண்டுவடம். குடல் கீழே வயிற்றுப்பக்கம் இருக்கிறது. இறாலுக்கு மேலே குடல், கீழே நரம்பு. மீனுக்கு மேலே நரம்பு, கீழே குடல். இந்த ஒரு சோதனையைச் செய்த பிள்ளை “முதுகுப்பக்க நரம்பு வடம்” என்ற சொல்லை அப்புறம் மறந்து நான் பார்த்ததில்லை.

அடுத்து, முதுகெலும்பிலிருந்து இரண்டு முள்ளெலும்புகளைப் பிரித்து எடுங்கள். ஒவ்வொன்றும் இரு பக்கமும் குழிந்து, சின்னக் கிண்ணம் போல இருக்கும். அந்தக் குழியில் வழவழப்பான ஜெல்லி. முதுகுநாணின் மிச்சம் அது. கருவில் நீளமான ஒரே தண்டாக இருந்ததைச் சுற்றி எலும்பு வளர்ந்து, அதைத் துண்டு துண்டாக நெரித்துவிட்டது.

நமக்கும் அந்த மிச்சம் உண்டு. முள்ளெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டுகளின் நடுவே உள்ள ஜெல்லிக் கரு, முதுகுநாணிலிருந்து வந்தது. தெருவில் யாராவது டிஸ்க் பிதுங்கிவிட்டது என்று படுத்திருந்தால், தொல்லை கொடுப்பது அந்த ஜெல்லிதான்.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி வரும்: “மனிதக் கருவுக்குச் செவுள் இருக்கிறது.” இல்லை. கழுத்துப் பகுதியில் மடிப்புகளும் பள்ளங்களும் தோன்றும். மீனில் அதே இடத்திலிருந்து செவுள் உருவாகும், நம்மில் நடுக்காது அறை, தைமஸ் போன்றவை உருவாகும். நம் கரு எந்தக் கட்டத்திலும் அதைக்கொண்டு மூச்சு விடுவதில்லை.

4. முதல் இரண்டு கிளைகள்: வரிசை தப்பும் இடம்

சார்ட்டைக் குறுக்காக வைத்து, இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலைக்கு ஒரு கோடு. நுனியில் “மனிதன்”, அடியில் “முதுகுநாண்” என்று எழுதுங்கள்.

முதலில் பிரியும் கிளை ஆம்பியாக்ஸஸ். விரல் நீளம் கூட இல்லாத, மணலில் புதைந்து வாழும் தலைநாணி. இரண்டாவதாகப் பிரிவது வால்நாணிகள், அதாவது கடற்பீச்சிகள். பழைய குறிப்புகளில் இது தலைகீழாக இருக்கும். பார்வைக்கு ஆம்பியாக்ஸஸ் மீன் மாதிரி, கடற்பீச்சி பாறையில் ஒட்டிய பை மாதிரி. அதனால் ஆம்பியாக்ஸஸ்தான் நமக்கு நெருக்கம் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 2006-இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது கடற்பீச்சிகளே முதுகெலும்பிகளுக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன.

பை மாதிரி இருப்பது எப்படி நமக்கு உறவு என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அதன் குஞ்சைக் காட்டுங்கள். தலைப்பிரட்டை போல நீந்தும், வாலுக்குள் முதுகுநாண் இருக்கும், மேலே நரம்பு வடம் இருக்கும். 1866-இலேயே கவலெவ்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இதைப் பார்த்து எழுதிவிட்டார். குஞ்சு ஒரு பாறையில் தலையை ஒட்டிக்கொண்டதும் வாலையும் முதுகுநாணையும் கரைத்துவிட்டுப் பையாக மாறிவிடும். முழு வளர்ந்த உருவத்தை மட்டும் பார்த்து உறவு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

5. தலை

கோட்டில் அடுத்து “மண்டையோடு, முள்ளெலும்பு” என்று எழுதுங்கள். நரம்பு வடம் உருவாகும்போது அதன் விளிம்பிலிருந்து கிளம்பி உடல் முழுக்கப் பரவும் நரம்பு முகடு செல்கள் முதுகெலும்பிகளின் தனிச்சொத்து. முக எலும்பு, பல்லின் பெரும்பகுதி, தோலின் நிறச்செல் எல்லாம் அவற்றின் வேலை.

இங்கே பிரிவது தாடையற்றவை: விலாங்கு போல நீண்ட லாம்ப்ரே, ஹாக்ஃபிஷ் மீன்கள். இரண்டையும் ஒரே கிளையில் போடுங்கள். தனித்தனியாகப் போடுவது பழைய முறை. லாம்ப்ரேயின் குஞ்சில் இருக்கும் எண்டோஸ்டைல், அது உருமாறும்போது தைராய்டு ஆகிவிடுகிறது. மூன்றாம் படியில் சொன்ன அந்த ஐந்தாவது அடையாளத்தை இங்கே நினைவுபடுத்துங்கள். அயோடின் உப்பு நமக்கு எதற்கு என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.

6. தாடை: பொம்பில் வைக்கும் பொறி

இந்தப் படியில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். அவசரப்படாதீர்கள்.

போன வருடம் ஒரு பெண், பொம்பிலை இரண்டாக வளைத்துக் காட்டிக் கேட்டாள்: “அக்கா, இதுல எலும்பே இல்லையே, அப்ப இது சுறா கூடத்தானே வரணும்?” அருமையான கேள்வி. பொம்பிலின் எலும்பு அவ்வளவு மென்மை. பதில் சொல்லாமல் கழுத்தருகே பார்க்கச் சொன்னேன். செவுளை ஒரு மூடி மூடியிருந்தது. சுறாவுக்கு அந்த மூடி இல்லை. பக்கத்துக்கு ஐந்து பிளவுகள் திறந்தே தெரியும். பொம்பில் எலும்பு மீன்தான், எலும்பைக் குறைத்துக்கொண்ட எலும்பு மீன். “எலும்பு மெத்துன்னு இருந்தா குருத்தெலும்பு மீன்னு சொல்லக்கூடாது, மூடியைத்தான் பாக்கணும்” என்று அவளே மற்றவர்களுக்குச் சொல்லத் தொடங்கினாள்.

இதிலிருந்து பெரிய தப்புக்கு வருவோம்: “சுறா பழசு, அதனால் குருத்தெலும்பு; எலும்பு பிறகு வந்தது.” இல்லை. சுறாக்களுக்கு முன்பே தகட்டுத்தோல் மீன்கள் என்ற தாடையுள்ள மீன்கள் உடம்பெல்லாம் எலும்புக் கவசத்தோடு வாழ்ந்தன. 2013-இல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்ட என்டெலோக்னாதஸ், சுமார் 42 கோடி ஆண்டுக்கு முந்தியது, அப்படிப்பட்ட ஒன்று. அதன் தாடையைச் சுற்றி நம் மேல்தாடை, கீழ்த்தாடை எலும்புகளின் பழைய வடிவம் இருக்கிறது. எலும்பு இருந்து, சுறாவின் வழியில் குறைந்திருக்கிறது. ஆகவே கோட்டில் “தாடை” என்று எழுதுங்கள். “குருத்தெலும்பு” என்பதைச் சுறாவின் தனிக்கிளையில் எழுதுங்கள், நடுக்கோட்டில் எழுதாதீர்கள்.

7. ரோகுவின் வயிறும் நம் கையும்

ரோகுவின் வயிற்றை ஆசனவாயிலிருந்து தலைப்பக்கம் மெதுவாகக் கீறுங்கள். கத்தியை ஆழமாக விட்டால் நமக்கு வேண்டியது உடைந்துவிடும். குடலை ஒதுக்கினால், முதுகெலும்பை ஒட்டி வெள்ளி நிறத்தில், நடுவில் இடுங்கிய இரட்டைப் பலூன் போலக் காற்றுப்பை தெரியும்.

மீனின் காற்றுப்பை கரை ஏறியதும் நுரையீரல் ஆனது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். நடந்தது வேறு. எலும்பு மீன்களின் பொது மூதாதைக்கே நுரையீரல் இருந்தது. ஒரு கிளையில் அது மிதக்க உதவும் காற்றுப்பையாக மாறியது; இன்னொரு கிளையில் நுரையீரலாகவே தொடர்ந்தது. அதனால் இந்தக் கணுவில் “நுரையீரல்” என்று எழுதி, ரோகுவின் கிளையில் “காற்றுப்பையாக மாறியது” என்று எழுதுங்கள்.

ரோகு, பொம்பில், பாப்லெட் (வாவல்), சுர்மை (வஞ்சிரம்) எல்லாம் கதிர்த்துடுப்பு மீன்கள். நாம் இருப்பது சதைத்துடுப்புக் கிளையில். அதில் முதலில் சீலகாந்த் என்ற ஆழ்கடல் மீன் பிரியும், அப்புறம் நுரையீரல் மீன், அப்புறம் நாற்காலிகள்.

இப்போது கோழி இறக்கையைத் தோலுரித்து எலும்பை எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, பிறகு சின்னச் சின்னதாகப் பல. உங்கள் கையைத் தடவுங்கள்: மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் பல. கனடாவின் வடகோடியில் 2004-இல் கண்டெடுத்து 2006-இல் விவரித்த டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனின் துடுப்புக்குள்ளும் இதே ஒழுங்கின் தொடக்கம் இருக்கிறது. வயது சுமார் 37.5 கோடி ஆண்டு. அதற்குச் செதில் உண்டு, துடுப்பு உண்டு, கூடவே திரும்பும் கழுத்தும் உண்டு.

“நிலத்துக்கு வந்ததால் கால் முளைத்தது” என்ற வரியை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். கிரீன்லாந்தில் புதைபடிவமாகக் கிடைத்த அகான்தோஸ்டெகா என்ற விலங்குக்கு விரலோடு கூடிய கை இருந்தது, கையில் எட்டு விரல்! ஆனால் அது தண்ணீரிலேயே வாழ்ந்தது. கால் முதலில் வந்தது, கரையேறியது பிறகு.

இங்கே தவளையின் கிளையைப் போடுங்கள். நம் மும்பைக்கே இதில் ஒரு பங்கு உண்டு. வொர்லிக் குன்றில், எரிமலைக் குழம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே படிந்த மண்ணில், சுமார் 6.5 கோடி ஆண்டு பழைய சின்னத் தவளைகளின் புதைபடிவம் கிடைத்தது. இண்டோபட்ராகஸ் என்று பெயர். அப்போதே அது முழுத் தவளை. தவளை பாதி வழியில் நின்றுபோன மனிதன் இல்லை. அது தன் கிளையில் நம்மளவு தூரம் நடந்து வந்திருக்கிறது.

8. பனிக்குடம்

பிரசவத்தில் பனிக்குடம் உடைந்தது என்கிறோமே, அந்தப் பனிக்குடம்தான் அடுத்த கணு. கருவைச் சுற்றித் தண்ணீரோடு ஒரு சவ்வு. தவளை முட்டையிடக் குளத்துக்குப் போக வேண்டும். பனிக்குடம் உள்ளவை அந்தக் குளத்தைக் கூடவே கொண்டுபோகின்றன.

முட்டையை உடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஓட்டின் உட்புறம் உரியும் வெள்ளைத் தோல் பனிக்குடம் இல்லை, அது ஓட்டுச்சவ்வு. கடை முட்டையில் கரு இல்லை, அதனால் பனிக்குடமும் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் அந்தத் தோலையே பனிக்குடம் என்று எழுதிவிடுவார்கள்.

இந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளைகள் ஒரே சமயத்தில் பிரிகின்றன. ஒன்று பாலூட்டிகளின் வழி, மற்றது ஊர்வன, பறவைகளின் வழி. “பல்லியிலிருந்து பாலூட்டி வந்தது” என்பது அந்தப் பழைய ஏணி மறுபடி எட்டிப் பார்ப்பது. முதுகில் பாய்மரம் வைத்த டைமெட்ரோடான் பொம்மையை டைனோசர் பெட்டியில் விற்கிறார்கள். அது நம் வழியைச் சேர்ந்தது. முதல் டைனோசர் தோன்றுவதற்குச் சுமார் 4 கோடி ஆண்டு முன்பே மறைந்துவிட்டது.

நம் கிளையின் அடையாளத்தைத் தொட்டே பார்க்கலாம். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். தாடை மூட்டு காதுக்கு எவ்வளவு பக்கத்தில் அசைகிறது பாருங்கள். பழைய மூதாதைகளுக்குத் தாடை மூட்டாக இருந்த இரண்டு எலும்புகள்தான் நம் நடுக்காதில் சுத்தியும் பட்டடையும் ஆகிவிட்டன. மூன்றாவதான அங்கவடி, மீனில் தாடையைத் தாங்கிய செவுள் வளைவு எலும்பிலிருந்து வந்தது.

9. கோழியை எங்கே வைப்பது

பறவைகளுக்குத் தனிக்கோடு போடாதீர்கள். ஊர்வனவற்றின் கிளைக்குள், டைனோசர் கிளைக்குள், அதன் நுனியில் கோழி. கோழி மார்பில் கவண் போல இருக்கும் எலும்பைத் தனியாக எடுங்கள். டைரனோசாரஸுக்கும் அந்த எலும்பு உண்டு. கோழிக்காலின் செதிலையும் காட்டுங்கள்.

இதன் விளைவாக முதலைக்கு நெருங்கிய சொந்தம் பல்லி இல்லை, கோழி. பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். விரலைக் கோட்டின் மேல் வைத்துக் கணு வரை பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள்.

10. வருடங்களைக் கடைசியில் எழுதுங்கள்

வருடத்தை முதலில் எழுதினால் பிள்ளைகள் அதை வரிசையாக அடுக்கி மறுபடி ஏணி கட்டிவிடுவார்கள். கிளைகள் எல்லாம் முடிந்த பிறகு, தாளின் அடியில் தனியாக 52 சென்டிமீட்டர் கோடு ஒன்று போடுங்கள். 1 சென்டிமீட்டர் 1 கோடி ஆண்டு. இடது முனையில் ஹைக்கோயிக்திஸ். சீனாவில் கிடைத்து 1999-இல் விவரிக்கப்பட்ட, மீன் போன்ற உயிர். வலது முனை இன்று. முனையிலிருந்து பின்னால் 37.5-இல் டிக்டாலிக், சுமார் 31-இல் எலும்பாகக் கிடைத்த பனிக்குட முதுகெலும்பிகளில் மிகப் பழையவற்றில் ஒன்றான ஹைலோனோமஸ், 15-இல் பழைய பறவையான ஆர்க்கியோப்டெரிக்ஸ், 6.5-இல் நம் வொர்லித் தவளை. நம் இனத்தின் 3 லட்சம் ஆண்டுக்கு 0.3 மில்லிமீட்டர், பென்சில் முனையே அதைவிடத் தடிமன்.

இந்த எண்கள் பிறந்தநாள் இல்லை. அந்த எலும்பு கிடைத்த பாறையின் வயது. கிளை அதற்கு முன்பே பிரிந்திருக்கும்.

11. தலைகீழாக மறுபடி வரையுங்கள்

தவிர்க்கவே கூடாத படி இது. நேரமாகிவிட்டது என்று நான் விட்டுவிட்ட வகுப்புகளில் ஏணி ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டது.

புதுத் தாளில் அதே மரம். ஆனால் நீளக் கோட்டின் நுனியில் மனிதனுக்குப் பதில் ரோகு. மனிதன், தவளை, கோழி, முதலை, நுரையீரல் மீன் எல்லாம் சேர்ந்து ஒரே பக்கக் கிளையாக ஒதுங்கும். ஒரு கணு கூட மாறாது. முதல் தாளில் நடுக்கோடு என்று நினைத்தது, நாம் வரையத் தொடங்கிய பக்கம் மட்டுமே என்று அப்போது புரியும்.

பிறகு மூன்று கேள்விகள். ரோகுவுக்கு நெருங்கிய சொந்தம் சுறாவா, நீயா? நுரையீரல் மீனுக்கு ரோகுவா, தவளையா? கடற்பீச்சிக்கு ஆம்பியாக்ஸஸா, சுறாவா? பதில்கள் நீ, தவளை, சுறா. பதில் மட்டும் போதாது. இரண்டு தாளிலும் விரலால் கணுவைத் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டிய பிள்ளையிடம் பேனாவைக் கொடுங்கள்.